பிரதிவாதி வீட்டில் இருந்தேன்

வாதி ஆஜராகவில்லை என்று என் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வாதி எங்கே போயிருந்தாள்? பிரதிவாதி வீட்டுச் சாவுக்கு. வஞ்சியூர் கோர்ட்டில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே சிரிப்பு வருகிறது.

பிரதிவாதி வேறு யாருமில்லை, என் கணவர் மஹேஷின் சித்தப்பா பிள்ளை சேஷன். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். கொல்லைப்புறச் சந்தும் பொதுவாகத்தான் இருந்தது. ஒருநாள் சேஷன் அதில் இரும்புக் கேட் வைத்துப் பூட்டிவிட்டான். பக்கவாதம் வந்த மஹேஷை வீல்சேரில் வெளியே கொண்டுபோக அந்தச் சந்தை விட்டால் வழி கிடையாது. வாசல் பக்கம் முழுக்கப் படி. தெருவில் போகிறவர்களைக் கெஞ்சி நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். அந்த மனுஷர் வெட்கத்தில் குறுகிப்போவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கேஸ் போட்டேன். சேஷனோடு பேச்சு அன்றோடு நின்றது.

நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள். விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா முனகுவது கேட்டது. சேஷனுக்குக் கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் இரவு வேலை. அவன் மனைவியும் ஊரில் இல்லை. சண்டை சேஷனோடுதானே, சித்தப்பாவோடு எனக்கென்ன? ஓடினேன். அவர்கள் வீட்டுப் போனிலிருந்தே சேஷனைக் கூப்பிட்டேன். அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கோர்ட் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் தாயாதிகளான எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தீட்டு. வாதியும் வரமாட்டாள், பிரதிவாதியும் வரமாட்டான்; பிறகு யாரை வைத்துக் கேஸ் நடத்துவார்கள், தானாகத் தள்ளிப்போகும் என்று இருந்துவிட்டேன். அக்ரஹாரத்து புத்தி, வேறென்ன! சேஷன் தன் வக்கீலிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் டாண் என்று வந்து நின்றிருக்கிறார். என் வக்கீல் ஜிஷா போன்மேல் போன் செய்திருக்கிறாள். என் போன் எங்கள் வீட்டு அலமாரியில் அடித்து ஓய்ந்தது. ஏற்கெனவே வாய்தா வாங்கியாகிவிட்டது, இனி கிடையாது என்று வழக்கு தள்ளுபடி.

"இதே காரியத்துக்கு இனி புதுக் கேஸ் போட ஒக்காது, மாமி," என்றாள் ஜிஷா, தன் மலையாளத் தமிழில். "தள்ளினதைத் திரும்ப எடுக்கணும்னு மனு கொடுக்கலாம். வராததுக்குத் தக்க காரணம் காட்டணும். காய்ச்சல்னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கி வச்சா போரும், அல்லே?"

"எனக்கேது காய்ச்சல்? குத்துக்கல்லாட்டமா இருந்தேன். எங்கே இருந்தேனோ அதையே எழுது."

எழுதினாள். பதிலுக்குச் சேஷன் தரப்பில் ஒரு எதிர்மனு வந்தது. இரு வீட்டாருக்கும் தீராப் பகையாம். நான் அன்றைக்கு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். கீழே சேஷன் கையெழுத்து. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாட்சிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கும் இரண்டு வீட்டுக்காரர் முகத்திலும் முழிக்க வேண்டுமே அவர்களுக்கு!

மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதி ஒரு பெண். என்னைக் கேட்டுவிட்டு, சேஷனைக் கூண்டுக்கு வரச் சொன்னார்.

"இவர் அன்று உங்கள் வீட்டில் இருந்தாரா, இல்லையா?" என்று மலையாளத்தில் கேட்டார். அவன் வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரைக் கையமர்த்தினார்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். சந்து அவனுக்கு, படி மஹேஷுக்கு.

சேஷன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வக்கீல் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். தப்புத்தான்," என்று அவனும் மலையாளத்தில் ஆரம்பித்தான். "மன்னி இருந்தாங்க. அப்பா வாயில கடைசியா தண்ணி விட்டது அவங்கதான். நான் அப்ப வந்து சேரலை." நீதிபதியை நிமிர்ந்து பார்த்தான். "அவங்க இல்லைன்னு சொன்னா, எங்கப்பா தனியாச் செத்தார்னு ஆயிடும். அதை நான் சொல்ல மாட்டேன்."

வழக்கை மீண்டும் எடுத்துக்கொள்ள உத்தரவாயிற்று. ஜிஷா என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

வராந்தாவில் சேஷன் எனக்காக நின்றுகொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்குமுன், "கேஸை வாபஸ் வாங்கிப்பேன்னு கனவு காணாதே," என்றேன்.

"வாங்க வேண்டாம் மன்னி. சந்து யாருதுன்னு கோர்ட்டே சொல்லட்டும்." கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நீட்டினான். "அதுவரைக்கும் அண்ணா அந்த வழியாவே போகட்டும்."

சாவியை வாங்கிக்கொண்டேன். அவன் நகரவில்லை.

"மன்னி, அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா?"

என்னோடு பேச்சில்லாததால் இத்தனை மாதமாக இதைக் கேட்காமலே இருந்திருக்கிறான். என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

"சேஷு வந்துட்டானான்னு கேட்டார். இதோ வந்துண்டே இருக்கான்னு சொன்னேன். சரின்னார். அப்புறம் நிம்மதியாத்தான் போனார்."

சேஷன் விசும்பி விசும்பி அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தபடி நின்றேன்.