மடங்காத குழல்

பகலவனுக்கும் இசைவாணிக்கும் கல்யாணம் ஆனபோது, பீரோ, கட்டில், கிரைண்டரோடு பெண் வீட்டுச் சீரில் ஒரு ஏர்கன்னும் வந்து இறங்கியது. குடவாசல் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் அப்படியொரு சீரை யாரும் பார்த்ததில்லை. "மாப்ள, இனிமே வாயத் தொறந்து பேசிடாதீங்க" என்று பந்தலில் கிண்டல் செய்தார்கள்.

இசைவாணி கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள். துப்பாக்கி சுடுவதில் மாநில முகாம்வரை போய் மெடல் வாங்கியவள். மகளுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்று அவள் அப்பா கோவிந்தராசு வாங்கிக் கொடுத்த துப்பாக்கி அது. குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகி, 'டிக்'கென்று மாட்டிக்கொள்ளும். சின்ன ஈயக் குண்டை வைத்துக் குழலை நிமிர்த்திச் சுடவேண்டியதுதான்.

கும்பகோணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். டூட்டி இல்லாத சாயங்காலங்களில் துப்பாக்கியோடு வயலுக்கு வந்துவிடுவாள். களத்தை ஒட்டிய மண்மேட்டின் முன்னால் பகலவன் காலி டப்பாக்களை அடுக்கி வைப்பான். அவள் ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளுவாள். ஒரு டப்பா விழுந்ததும் அதைப் பார்க்க மாட்டாள். திரும்பி அவனைப் பார்ப்பாள்.

மஸ்கட்டில் வேலை கிடைத்தபோது, "போகட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றான் பகலவன்.

அவள் போய் இரண்டு சம்பா அறுவடை முடிந்து, இது மூன்றாவது. தினமும் போனில் பேசினார்கள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்பாள். சாப்பிட்டேன் என்பான். மழை உண்டா என்பாள். இல்லை என்பான். அதற்குமேல் இருவரும் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், "சரி, வெக்கட்டா?" என்பார்கள்.

இந்தப் பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னதிலிருந்து பகலவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தான். கொல்லையில் பாத்ரூம் குழாயை மாற்றினான். மார்கழி பிறந்ததும் பரணில் கிடந்த துப்பாக்கியை இறக்கித் துடைத்தான். வந்த அன்றைக்கே அவள் கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குழலை மடக்கினான். முக்கால்வாசி இறங்கிய குழல் அப்படியே நின்றுவிட்டது. 'டிக்' சத்தம் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினான். இறங்கவில்லை. பிடியைத் தளர்த்தியதும் குழல் அவன் கையை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. மறுபடி மடக்கினான். அதே இடத்தில் நின்றது. தான்தான் அதைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்தான்.

மறுநாள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கும்பகோணம் போனான். பூட்டு, தையல் மிஷின் எல்லாம் பழுது பார்க்கும் அப்துல் ஹமீது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எனக்கு இது பழக்கமில்ல தம்பி. உள்ள ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு இருக்கும். தெரியாம கழட்டினா மூஞ்சியப் பேத்துடும். யாருதுங்க இது?"

"என் வீட்டுக்காரம்மாவுது."

"அப்ப அவங்களையே கேட்டுடுங்களேன்."

அவளிடம் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. அவள் வரும்போது நல்லபடியாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் இத்தனையும். சாக்கோடு திரும்பி வந்தான்.

அன்று சாயங்காலம் வயலில் இருக்கும்போது இசைவாணி அழைத்தாள். யூனிபாரத்தில் இருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"லீவு கேன்சல் பண்ணிட்டாங்கங்க. கூட இருந்த ரெண்டு பேர் வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்போதைக்கு யாரையும் அனுப்ப முடியாதுங்கறாங்க."

கதிர் வாங்கிய சம்பா காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. பகலவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதாவது பேசுங்களேன்" என்றாள்.

வாயில் வந்ததைச் சொன்னான். "உன் துப்பாக்கி கெட்டுப்போச்சு இசை."

"என்னது? என்ன பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணல. மடக்கினா மாட்ட மாட்டேங்குது."

"எங்க இருக்கு? எடுத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த அதிகாரக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வேகமாக நடந்தான். வாசலில் உட்கார்ந்து போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்தான். அவன் அம்மா காளியம்மாளும் என்னவோ ஏதோ என்று வந்து நின்றாள்.

"முதல்ல உள்ள குண்டு இருக்கான்னு பாருங்க" என்றாள் இசைவாணி.

"இல்ல."

"இப்ப மெதுவா மடக்குங்க. குழல்லேர்ந்து கைய எடுக்கவே கூடாது, சுண்டிடும். குழலுக்கு முன்னால யாரும் நிக்க வேணாம். உள்ள கரகரன்னு சத்தம் கேக்குதா?"

"இல்ல. இழுக்கறதுக்கு கெட்டியாத்தான் இருக்கு."

"அப்ப ஸ்பிரிங் ஒடையல. ஒடஞ்சிருந்தா தொளதொளன்னு இருக்கும். குழல மேல வர விடுங்க, மெதுவா. இப்ப விசைய அழுத்திப் பாருங்க. போயிட்டுத் திரும்பி வருதா?"

"வருது."

"அதுவும் நல்லாருக்கு. அப்ப எதுவோ தடுக்குது." அவள் திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள். "மரக்கட்டைக்கு அடியில நீளமா ஒரு பள்ளம் இருக்கும் பாருங்க. குழல மடக்கும்போது ஒரு கம்பி அதுவழியாத்தான் பின்னால போகணும். குழல நிமித்தி வெச்சுட்டு, அதுக்குள்ள டார்ச் அடிங்க."

துப்பாக்கியைக் கவிழ்த்து, அம்மாவின் போனை வாங்கி வெளிச்சம் அடித்தான். பள்ளத்தின் கோடியில், கட்டைவிரல் பருமனுக்கு மண் உருண்டு இறுகிக் கிடந்தது.

"குளவி" என்றான். "குளவி கூடு கட்டியிருக்கு."

இசைவாணி சிரித்தாள். "எனக்குக் காட்டுங்க, காட்டுங்க" என்றாள். அவன் காட்டினான். ஈர்க்குச்சியை எடுத்துக் கூட்டைக் குத்தப் போனபோது காளியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடிக்காதடா! குளவி கூடு கட்டினா வீட்டுல புள்ள பொறக்கும். அதப் போயி இடிப்பாங்களா?"

போன் திரையில் இசைவாணியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒன்று தங்கி, மூன்றாம் மாதமே கலைந்தது. அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"அத்தை" என்றாள் இசைவாணி. "கூட்டுல ஓட்டை இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

பகலவன் பார்த்தான். மிளகு அளவுக்கு ஒரு துளை இருந்தது. "இருக்கு."

"அப்ப உள்ள இருந்தது பறந்து போயிடுச்சு. எடுத்துடுங்க." சற்று நிறுத்தினாள். "கூடு இருந்து என்னத்தை பண்ணும்? நான்தான் இங்க இருக்கேனே."

காளியம்மாள் கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பகலவன் மெதுவாகக் குத்தினான். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காய்ந்த சிலந்திக் கால்களும், வெங்காயச் சருகு போல மெல்லிய ஒரு வெற்றுத் தோலும் விழுந்தன. அந்தத் தோலை அவன் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தான். மூச்சுக் காற்றுக்கே அது பறந்துபோனது.

"இப்ப மடக்குங்க."

மடக்கினான். குழல் முழுசாக இறங்கி, 'டிக்'கென்று மாட்டியது. அந்தச் சத்தம் மஸ்கட்வரை கேட்டிருக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியே விட்டுடாதீங்க. குண்டு போட்டு, களத்து மேட்டுல ஒன்னு சுட்டுட்டு வந்துடுங்க" என்றாள். குரல் அடங்கியிருந்தது. துப்பாக்கி சரியாகிவிட்டது. இனி என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று பகலவனுக்குத் தோன்றியது.

"சரி, வெக்கட்டா?" என்றாள் அவள்.

"வெக்காத." அவன் போனைக் கையில் எடுத்தான். "இசை, போனது போதும். வந்துடு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உன் இஷ்டம்னு சொன்னேன்ல, அது எனக்கு இஷ்டமில்லாமதான் சொன்னேன். நீ ஆசைப்பட்டுப் போற, நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நீங்க ஒரு வார்த்தை போகாதன்னு சொல்லுவீங்கன்னு பஸ் ஏறற வரைக்கும் பாத்தேன்" என்றாள். "போனா போகட்டும்னு இருக்கீங்கன்னுதான் இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன்."

அவன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"ஆனியில கான்ட்ராக்ட் முடியுது. அதுக்கு முன்னாடி விடமாட்டாங்க. மேல எழுதித் தரமாட்டேன்னு நாளைக்கே சொல்லிடறேன்."

ஆனிக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. இந்த அறுவடை முடிந்து, உளுந்து தெளித்து, கோடை காய்ந்து, ஆற்றில் தண்ணீர் திரும்ப வர வேண்டும்.

அங்கே யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "போகணும்" என்றாள். ஆனால் அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரை இருட்டானது. பகலவன் போனைக் காதில் வைத்துக்கொண்டான். அவள் நடக்கும் சத்தம், ஒரு கதவு திறக்கும் சத்தம், யாரோ ஒரு கிழவர் அரபியில் முனகுவது, அவள் அவருக்குத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது எல்லாம் கேட்டன. அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. லைன் அறுந்துபோகும்வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.