சக்களத்திக்கு நான் எழுதிய கடிதங்கள்

என் சக்களத்தி நிம்தாஜுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாரசீகத்து யஸ்து நகரத்தில் எங்கள் வீட்டில் பேனா பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தூரத்துத் தப்ரீஸில் ஐந்து வருடமாக வியாபாரம் பார்த்த எங்கள் கணவர் மிர்சா யஹ்யாவுக்கு அவளுடைய கடிதங்களையும் நானே எழுத வேண்டும். என் தலையெழுத்து!

மாதுளை உரித்துக்கொண்டே ஆரம்பிப்பாள். "எழுதுடி கவ்கப். கொல்லையில மாதுளையெல்லாம் வெடிச்சுப் போச்சு. பூனை உங்க மெத்தையில குட்டி போட்டிருக்கு, நான் விரட்டல. கிணத்துக் கயிறு மறுபடியும் அறுந்துடுச்சு."

"இதையெல்லாமா எழுதறது அக்கா?"

"வேற யாரு அவருக்குச் சொல்லுவா? நீ எழுது."

எழுதினேன். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. திருத்தினால் அவளுக்கல்லவா நல்ல பேர் வரும்! படிக்கிறவர் இவளை அசடு என்று நினைத்துச் சிரிக்கட்டும் என்றுதான் பூனை, கயிறு எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். என் கடிதத்துக்கு மட்டும் மாதிரிக் கடிதப் புத்தகத்தைப் புரட்டி, பிரிவில் வாடும் ரோஜா, புல்புல் என்று வரி வரியாக எழுதி, ஈர மையின்மேல் பொன்தூள் தூவுவேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் வரும். ஒருமுறை அதில், பூனைக்கு எத்தனை குட்டி என்று கேட்டிருந்தார். என் புல்புல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை!

எங்கள் இருவருக்கும் பிள்ளையில்லை. எங்கள் சட்டப்படி மனைவிக்கு மண்ணில் பங்கு கிடையாது. வீடு அவர் தம்பிக்குப் போய்விடும். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவர் விருப்பப்படி உயிலில் எழுதலாம். அந்தப் பங்கில் வீட்டை எழுதி வைத்தால்தான் எங்களில் ஒருத்திக்குக் கூரை. அது எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். பின்னே, சும்மாவா அத்தனை பொன்தூளைக் கொட்டினேன்?

அவர் தப்ரீஸில் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். அழுது ஓய்ந்த சில வாரங்களில் வணிகக் கூட்டத்தோடு உயில் வந்தது. நிம்தாஜ் எதிரே உட்கார்ந்திருக்க, நான் வாசித்தேன்.

"வீடும் தோட்டமும் நிம்தாஜுக்கு. அவள் கடிதங்களால்தான் இந்த ஐந்து வருடமும் நான் என் வீட்டில் இருந்தேன்."

எனக்கு ஒரு கிர்மான் சால்வை. பெயரை மாற்றிப் படித்துவிடலாமா என்று நாக்கு துடித்தது. ஆனால் இன்னொரு பிரதி அவர் தம்பியிடம் இருந்தது.

கூடவே எங்கள் கடிதங்களும் திரும்பி வந்திருந்தன. அவளுடையவை மடிப்பெல்லாம் கிழிந்து, விரல் அழுக்கேறி, மேலும் கிழியாமலிருக்கப் பின்னால் துணி ஒட்டப்பட்டிருந்தன. என்னுடையவை மடித்தது மடித்தபடி இருந்தன. பொன்தூள்கூட உதிரவில்லை. இரண்டும் என் கையெழுத்துதான்! என் கையெழுத்தைப் பார்த்தே எனக்குப் பொறாமை வரும் என்று யார் கண்டது?

"என்னடி, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"நான் எங்கே போவேன் அக்கா?"

"எங்கே போவியாம்! கிணத்தடி அறை உனக்கு. அழாம பேனாவை எடு. அவரு தம்பிக்கு எழுது. கவ்கப் என்னோடதான் இருப்பா. அவளுக்கு வாய் ஜாஸ்தி, ஆனா மனசு சுத்தம். இத்தனை வருஷத்துல நான் சொன்னதுல ஒரு சொல்லை அவ மாத்தினதில்ல."

அந்தக் கடைசி வரியை மட்டுமாவது விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அவள் சொன்னபடியே எழுதினேன்.