அறையின் சத்தம்

கன்ஷாயிமின் கால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. தலைநகர் பிஷ்கெக்கில் படப்பிடிப்புப் பயிற்சியில் சேர்ந்தவளுக்கு வாய்த்ததோ ஒலிப்பதிவு. அதற்கு முதலில் வேண்டியது அசையாமல் இருப்பது. இரண்டு பேட்டிகள் திரும்பி வந்துவிட்டன. ஒன்றில் அவளுடைய ஜாக்கெட் உரசியது. இரண்டாவதைக் கேட்ட ஆசிரியை ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"யாரைப் பேட்டி எடுத்த? அவரையா, உன் செருப்பையா?"

திங்கட்கிழமைக்குள் சரியாக ஒன்று தராவிட்டால் சான்றிதழ் கிடையாது. வேறு ஆள் அகப்படாமல், சொந்த ஊரான தலாஸில் அப்பாவின் வீட்டுக்கு வந்தாள். அப்பா சத்திபால்தி முப்பது வருஷம் மலைக் கணவாயில் லாரி ஓட்டியவர். இப்போது பீன்ஸ் அடிக்கும் களத்தில் தூசிக்கு நடுவே வேலை பார்க்கிறார். வங்கி வேலையை மகள் விட்ட நாளிலிருந்து அவளிடம் அளந்துதான் பேசுவார்.

"இந்தக் கறுப்புப் பூச்சியை எதுக்குச் சட்டையில குத்துற?"

"மைக்குப்பா. லாரி ஓட்டின கதையைச் சொல்லுங்க."

"போனேன். வந்தேன். அவ்வளவுதான்."

பேட்டி அத்தோடு முடிந்தது. கருவியை எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. பிஷ்கெக் திரும்ப டாக்ஸி வேறு வரும் நேரம். இன்னொன்றுதான் பாக்கி: யாரும் பேசாத அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிய வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் நிரப்ப அது தேவை.

"ஒரு நிமிஷம் பேசாம இருங்கப்பா."

"அது எனக்கு நல்லா வரும்."

ஹெட்ஃபோனில் ஒலியைக் கூட்டினாள். குளிர்பெட்டியின் முனகல். தெருவில் ஒரு நாய். பிறகு மெல்லிய விசில் ஒன்று. ஜன்னலைப் பார்த்தாள், சாத்தியிருந்தது. அப்பாவின் சட்டை எழுந்து தாழும்போதெல்லாம் அது வந்தது. முடிவில் சருகு நொறுங்குவதுபோல் ஒரு கரகரப்பு. அவர் வாயை இறுக மூடிக்கொண்டு சுவரையே பார்த்திருந்தார். நிமிடம் கடந்தும் அவள் அசையவில்லை.

"ஆச்சா?"

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"எப்படி?"

ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் மாட்டினாள். வேண்டாவெறுப்பாகக் கேட்கத் தொடங்கியவர், மெல்ல இமைகளைத் தாழ்த்தினார். ஒருமுறை மூச்சை நிறுத்திப் பார்த்தார். மறுபடி விட்டார்.

"வண்டியில இந்தச் சத்தம் வந்திருந்தா, அப்பவே ஓரங்கட்டியிருப்பேன்," என்றார்.

வெளியே ஹாரன் அடித்தது.

"போ, உன் டாக்ஸி."

"ரெண்டு பேருக்கும் இடமிருக்கு. அங்க டாக்டர்கிட்டக் காட்டுவோம்."

அவர் ஹெட்ஃபோனோடே எழுந்து கதவருகே தொப்பியைத் தேடப் போனார். அவர் சட்டைக்கும் அவள் கையிலிருந்த கருவிக்கும் நடுவே ஒயர் இழுபட்டது. அது பிடுங்கிக்கொள்ளாமலிருக்க, அவர் பின்னாலேயே அடிமேல் அடி வைத்து நடந்தாள். கருவியில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.