சங்குச் சூடு பட்ட குட்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து பிறந்தது. பழைய புத்தகக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது, யாரோ ஒரு மிட்டாதார்* தன் பெருமையைத் தானே அச்சடித்து ஊருக்குக் கொடுத்த எட்டுப் பக்கச் சிறுநூல் அகப்பட்டது. அதில் இந்த வரி: ‘நமது அரபிக் குதிரையானது ஏழு வருஷ காலத்தில் அறுபத்து மூன்று குட்டிகளுக்குத் தகப்பனாகி, ஒன்றும் சோடை போகாமல், ஜில்லாவுக்கே கீர்த்தி சம்பாதித்துக் கொடுத்தது.’

[அப்படி ஒரு சிறுநூல் அகப்படவில்லை. அதையும் நானே எழுதினேன். கதை ஆரம்பித்துப் பத்து வரிக்குள் ஒரு பொய் பிடிபட்டுவிட்டது. இனி நீங்கள் எச்சரிக்கையாக இருப்பீர்கள், எனக்கும் அதுதான் வேண்டும்.]

வரியை எழுதி முடித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அறுபத்து மூன்றில் ஒன்றாவது அரபிக்குப் பிறக்காததாக இருக்கும். நல்ல புத்தி இல்லை. ஆனால் என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

* மிட்டாதார்: அந்நாளில் சில கிராமங்களை மொத்தமாகத் தன் கைக்குள் வைத்திருந்தவர். பெயர் வைக்கவில்லை. வைத்தால் எங்கிருந்தாவது ஒரு பேரன் கிளம்பி வருவார்.

2

முதல் தொடக்கம்: ‘1935ஆம் ஆண்டு மாசி மாதம், பெங்களூரில் வாங்கிய வெள்ளைக் குதிரை காரிமங்கலம் சந்தையைக் கடந்து வந்தபோது, மாலை வெயிலில் அதன் பிடரி’

அடித்துவிட்டேன். பிடரியும் வெயிலும் சேர்ந்து வந்தாலே எனக்கு என்மேல் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது: ‘அரபியைப் பார்த்த மாத்திரத்தில் ஊர்ப் பெண்கள்’

சே.

மூன்றாவது தொடக்கம் நின்றது. அது குதிரையில் தொடங்கவில்லை. மாதையன் கையிலிருந்த மூங்கில் கோலில் தொடங்கியது.

மாதையன் மிட்டாதாரின் லாயக்காரர். நாற்பது வயது, பெண்டாட்டி பிள்ளை இல்லை. அரபிக்குத் தீனி வைப்பது, தேய்த்து விடுவது, சேர்க்கைக்கு வரும் பெட்டைக் குதிரைகளை அளப்பது எல்லாம் அவர் வேலை. கோலில் ஒரு வெட்டு இருந்தது. பெட்டையின் தோள் அந்த வெட்டைத் தொட்டால் லாயத்துக்குள் விடலாம். தொடாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது, காணிக்கை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: பிறக்கும் குட்டியைத் தை மாதத்தில் கொண்டுவந்து தொடையில் சங்குச் சூடு, அதாவது மிட்டாதாரின் சங்கு முத்திரை, போட்டுக்கொள்ள வேண்டும். சூடு பட்ட குதிரையை மிட்டாதார் என்றைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும்.

முதல் ஐந்தாறு வருஷம் அவர் ஒன்றையும் கேட்கவில்லை. அதனால் நிபந்தனையை எல்லோரும் மறந்தார்கள். சங்கு மட்டும் நின்றது. இண்டூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஜட்கா வண்டிக்காரர்கள் பெட்டைகளைப் பிடித்து வந்தார்கள். அரபி சேர்ந்த பெட்டை சினைப்படாமல் போனதில்லை. தை மாதம் குட்டிகளுக்கு நெற்றியில் மஞ்சள் பூசி, பெயர் வைக்கக் கூட்டிவருவதுபோலக் கூட்டிவந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மாதையன் தொடையில் வைத்து அழுத்துவார். குட்டி அலறும், சொந்தக்காரர் சிரிப்பார். சங்குக் குட்டி வைத்திருக்கிற வீடு என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஜனம் முந்திக்கொண்டது.

3

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாதையனை நான் நேர்மையானவராகப் படைத்துவிட்டேன். அப்படிப்பட்டவர் அரபிக்குப் பிறக்காத குட்டிக்குக் கள்ளச் சூடு போடமாட்டார். போடாவிட்டால் கதை இல்லை. ஒரு வாரம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அவருக்கு ஓர் அக்காளைக் கொடுத்தேன்.

சென்னம்மாள். வத்தல்மலை அடிவாரம். புருஷன் இல்லை. மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு மட்டக்குதிரை, பெட்டை. ஒரே மகள் பாஞ்சாலி. இரண்டு இடம் வந்து தட்டிப்போன பிறகு, காரிமங்கலம் ஜட்காக்காரர் கிருஷ்ணப்பனுக்குப் பேச்சு நடந்தது. பையன் சம்மதித்துவிட்டான். அவன் தாய் ராமக்கா மட்டும் ஒன்று கேட்டாள்: பெண்ணின் தாய்மாமன் அரபி லாயத்திலேயே இருக்கிறார், சீராக ஒரு சங்குக் குட்டி கொண்டுவரட்டும்.

சென்னம்மாள் தன் பெட்டையை ஓட்டிக்கொண்டு தம்பியிடம் வந்தாள். மாதையன் கோலை வைத்தார். நாலு விரற்கடை குறைந்தது. கூடப்பிறந்தவள் என்றும் பாராமல் திருப்பி அனுப்பினார். [பார்த்தீர்களா, எவ்வளவு நேர்மை.] அந்தப் பெட்டை மலைப்பாதையில் ஏதோ ஒரு பொதிக்குதிரையோடு சேர்ந்து, 1937இல் ஒரு செம்மண் நிறக் குட்டி போட்டது.

தை வந்தது. மற்ற குட்டிகளுக்கு நடுவே சென்னம்மாளும் தன் குட்டியின் நெற்றியில் மஞ்சள் பூசிக்கொண்டு வரிசையில் நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை. முறை வந்ததும் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“கோல வெச்சி என்னைய ஒருக்கா அனுப்பிப்போட்ட, மாதையா. இன்னொருக்கா அனுப்பினீன்னா, அவ கல்யாணமும் இதோட போச்சு. நீயே வந்து அவகிட்டச் சொல்லிக்க.”

மாதையன் இரும்பை எடுத்தார், வைத்தார். அந்தக் குட்டியும் மற்றவை போலவே அலறியது. அடுத்த ஆவணியில் பாஞ்சாலிக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராகக் குட்டி முன்னே நடந்தது.

4

[இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் எனக்கே தாங்காது.]

நாலு வருஷம் பாஞ்சாலிக்குப் பிள்ளை இல்லை. அரபி ஜில்லாவுக்குக் கீர்த்தி சம்பாதித்த அதே வருஷங்களில் ராமக்கா மருமகளை மலடி என்றாள். சங்கு போட்ட குதிரை மட்டும் கூடவே வந்திருக்காவிட்டால் எப்போதோ அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்று பக்கத்து வீடுகளிலும் சொல்லிவைத்தாள். அந்தக் குதிரைதான் இப்போது கிருஷ்ணப்பனின் ஜட்காவை இழுத்தது. அவருடைய பழைய குதிரை செத்துவிட்டது. வீட்டில் உலை கொதித்தது இந்தச் செம்மண் குதிரையால்.

1942. பர்மாப் பக்கம் சண்டை. மிட்டாதாருக்கு வெள்ளைக்காரச் சர்க்காரிடம் ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தன் அரபியின் வாரிசுகள் அத்தனையையும் பட்டாளத்துக்குக் கொடுக்கிறேன் என்று எழுதிப்போட்டார். சந்தையில் தமுக்கு அடித்தார்கள்: சங்குச் சூடு பட்ட குதிரைகளெல்லாம் வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக்கு வர வேண்டும், அங்கிருந்து மொரப்பூர் ஸ்டேஷன், ரயில்.

அப்போதுதான் எல்லோருக்கும் நிபந்தனை ஞாபகம் வந்தது.

அதற்கு முந்தின நாள் பாஞ்சாலி லாயத்துக்கு நடந்தே வந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். நாலு வருஷத்துக்குப் பிறகு தங்கியது. மாதையன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்: உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன். குதிரை உங்களுக்கு மிஞ்சும். எனக்கு வருவது வரட்டும்.

“வேண்டாங்க மாமா. குதிர போனா எங்க வூட்டுக்காரரு மூட்ட தூக்கியாவது கஞ்சி ஊத்துவாரு. அது கள்ளச் சூடுன்னு தெரிஞ்சா எங்க மாமியா என்னைய மட்டும் சொல்லமாட்டா. வயித்துல இருக்கறதயும் சேர்த்துக் கள்ளச் சூடுன்னுதான் சொல்லுவா.”

மாதையனுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எனக்கும்தான். நான் குதிரையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறக்கமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னார்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணப்பன் வந்தார். பெண்டாட்டி வந்துபோனது அவருக்குத் தெரியாது. மாதையன் காலில் விழுந்தார். மூட்டை தூக்க முடியாது, முதுகில் வண்டிச் சட்டம் விழுந்ததிலிருந்து முதுகு பாரம் தாங்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, பாஞ்சாலிக்குக்கூடத் தெரியாது. இந்தக் குதிரையை மட்டும் எப்படியாவது விடுவித்துக் கொடுங்கள் என்றார். மாதையன் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

5

வெள்ளிக்கிழமை. ஏரிக்கரையில் குதிரைகள் நின்றன. இண்டூர் வண்டிக்காரர் ஒருவர் தன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாமல் நின்றார். இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்கள். மிட்டாதார் ஒவ்வொரு தொடையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கூடவே மாதையன்.

செம்மண் குதிரைக்கு முன்னால் மிட்டாதார் நின்றார். சங்கைத் தொட்டார். குதிரையை மேலும் கீழும் பார்த்தார். மற்றவற்றைவிட நாலு விரற்கடை குட்டை. கயிற்றைப் பிடித்தபடி கிருஷ்ணப்பன். அவருக்குப் பின்னால் ராமக்கா. பத்தடி தள்ளி, வயிற்றின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பாஞ்சாலி.

“இது நம்ம அரபிக்குப் பொறந்ததுதானாடா, மாதையா?”

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

[ஒரு முடிவு: ‘ஆமாங்க எசமான்’ என்றார். குதிரை ரயில் ஏறியது. அடுத்த மாசியில் அந்த வீட்டில்]

[இன்னொரு முடிவு: ‘இல்லைங்க’ என்றார். கிருஷ்ணப்பன் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். ராமக்கா மெல்லத் திரும்பி, மருமகளின் வயிற்றை]

இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் ஒரு குழந்தை பசியில் செத்தது. இரண்டாவதில் அதைப் பிறக்கவே விடவில்லை. மூன்றாவதாக, மிட்டாதாருக்கு மனசு இளகுவதுபோல ஒன்று எழுதினேன். படித்துவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்க் கிழித்தேன்.

ஆளைப் படைத்தேன், அக்காளைப் படைத்தேன், அந்த வயிற்றையும் நான்தான் கொடுத்தேன். தெரிந்தே செய்த பாவம். அதற்குமேல் என்னால் முடியாது.

மாதையன் வாய் திறந்தபடி நிற்கிறார். சொல்லை நீங்கள் வையுங்கள். வைத்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். பத்தடி தள்ளிப் பாஞ்சாலி நிற்கிறாள். அவளிடம் போய், ஏன் அந்தச் சொல்லை வைத்தீர்கள் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.