உச்சியில் தளரும் கயிறு

எங்கள் குடியிருப்பு ஒரு பெரிய வாளிக்குள் இருக்கிறது. மரியசூசை பழைய தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றுகொண்டு, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாகச் சுற்றுகிறார். வீடுகள் நல்ல காற்றோட்டமானவை.

இங்கே குடியிருக்கத் தனிக் கெட்டிக்காரத்தனம் எதுவும் வேண்டாம். வாளி கீழே வரும்போது உடம்பு கனக்கும், உட்கார்ந்துகொள்வோம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தை அப்போதுதான் நடத்துவேன். கோபித்துக்கொண்டு எவரும் எழுந்து போக முடியாது. நான் இன்னும் செயலாளராக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பாள் என் மனைவி வடிவு. உச்சிக்குப் போகும்போது உடம்பு லேசாகும். பீரோவை நகர்த்துவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது எல்லாம் அப்போது. தலைகீழாக இருக்கிறோம் என்பதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. வேகம் இருக்கிறவரை பாதம் தரையில் ஒட்டியே இருக்கும்.

ஒரு நாள் காலையில், உச்சியில், எங்கள் வீட்டுச் சாம்பார் சட்டியை விட்டு ஒரு சாண் எழும்பியது. வடிவு அதைக் கரண்டியால் அமுக்கினாள்.

“வேகம் கொறையுது. மரியசூசை அண்ணனுக்கு என்னன்னு கேளுங்க.”

நான் ஜன்னலுக்குப் போனேன். தொட்டிக்கு நேர் கீழே வரும்போதுதான் அவர் குரல் காதில் விழும். ஆகவே சுற்றுக்கு ஒரு பேச்சு.

“மகளுக்கு வலி எடுத்திட்டாம் அண்ணாச்சி.”

மேலே போய் வந்தோம்.

“மாப்பிள்ள கடல்ல கெடக்கான்.”

மறுபடியும் போய் வந்தோம்.

“அவ அம்மைக்கு வலி எடுத்தப்பவும் நான் இங்கதான் சுத்திக்கிட்டு நின்னேன்.”

அந்த அம்மாள் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தவர். அடுத்த சுற்றில், “நீங்க கெளம்புங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். நிறுத்த வேண்டுமானால் மெதுவாக்க வேண்டும். மெதுவாக்கினால் உச்சியில் எல்லோரும் கொட்டிப்போவோம்.

உடனே கூட்டம் போட்டேன். கனத்தைக் குறைத்தால் மெதுவாகச் சுற்றினாலும் விழமாட்டோம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. கட்டில், கிரைண்டர், வடிவின் தையல் மிஷின் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டோம். மரியசூசை கொஞ்சம் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். சாம்பார் அதே ஒரு சாண் எழும்பியது.

“கைக்கு சொகமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா வேகம் அதே வேகந்தான் வேணும் போல.”

இந்தக் கூத்தில் மதியம் தாண்டிவிட்டது. மதியத்துக்குள் குழந்தை பிறந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாராம். நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகும். தகவல் கொண்டுவந்த சம்பந்தி பெலவேந்திரம், காலையிலிருந்தே தொட்டிக்கு அடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். வலை இழுத்துக் காய்த்த கை அவருக்கு. அவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் கயிற்றைக் கை மாற்றுவது சாதாரணக் காரியமில்லை. வாளி கீழே இருக்கும்போது கயிறு ஆளையே பிய்த்துக்கொண்டு போகும். உச்சியில், வேகம் மிகச் சரியாக இருந்தால், ஒரு கணம் அது யாரையும் இழுக்காது. வேகம் சரிதானா என்பதை வடிவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சட்டிக்குள் சாம்பார் எழும்பவும் கூடாது, அழுந்தவும் கூடாது. சும்மா இருக்க வேண்டும். பெலவேந்திரம் ஏணி வழியாகத் தொட்டிமேல் ஏறினார். நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

“இப்ப,” என்றாள் வடிவு.

மரியசூசை விட்டார். பெலவேந்திரம் பிடித்தார். வடிவு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது எனக்கு.

பெலவேந்திரத்துக்கு இடது கைப் பழக்கம். கயிற்றை வாங்கியதும் தன் வழக்கப்படி எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார். உச்சியில் கனமில்லாததால் எங்களைத் திருப்புவது அவருக்குச் சிரமமாக இல்லை. சற்று நேரத்தில் சூரியன் கிழக்குப் பக்கமாக இறங்கியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்கு வந்து, சீருடையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். நாங்களும் படுத்தோம்.

அதே நாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மரியசூசை போன் செய்தார்.

“வந்து சேந்துட்டேன் அண்ணாச்சி. இன்னும் வலியே எடுக்கலியாம். இட்லி தின்னுக்கிட்டு இருக்கா.”

“நல்லதாப் போச்சு,” என்றேன். “பக்கத்துலயே இருங்க.”