முதுகில் ஒட்டிய பூ

என் முதுகை நானே முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். புதன்கிழமை மத்தியானம், பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் குரூப்பில் என் வீட்டுக்காரர் போட்டிருந்த வீடியோவைத் திறந்தேன். தாமிரபரணி வானத்திலிருந்து தெரிந்தது. நெல்வயல், ரயில் பாலம், கொக்குக் கூட்டம், பின்னால் யாரோ உருகி உருகிப் பாடுகிற பாட்டு. எவனோ நன்றாகத்தான் எடுத்திருக்கிறான் என்றுகூட நினைத்தேன். அப்புறம் படம் பைய இறங்கி, மருதமரத்தைத் தாண்டி, எங்கள் பொம்பளைத் துறைக்கு வந்து நின்றது. பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டி ஏழு பேர் குளித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி படியில் உட்கார்ந்து காலுக்கு மஞ்சள் தேய்க்கிறாள், ஒருத்தி மல்லாக்க மிதக்கிறாள். நடுவில் ஊதாப் பாவாடையோடு முடியை முறுக்கிப் பிழிகிறவள் நான். வலது தோள்பட்டையில் எண்ணெய் தெறித்த தழும்பு பளிச்சென்று தெரிந்தது. கீழே என் வீட்டுக்காரர் பெருமாள்ராஜ் எழுதியிருந்தார், ‘எங்க ஊரு அழகு’ என்று. கூடவே இரண்டு கும்பிடு.

பீடி சுற்றுகிறவளுக்கு ஆறு என்றால் என்ன என்று மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது. நாள் முழுக்கப் புகையிலைத் தூசி மூக்கிலும் முடியிலும் ஏறிக் கிடக்கும். வீட்டு போர் தண்ணியில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. காலையில் ஆறிலிருந்து ஏழு வரை அந்த ஒரு மணி நேரம்தான் என் உடம்பு எனக்கே எனக்கு. அந்த நேரத்தில் ஆம்பளைகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். மாட்டைத் தேடிக்கொண்டோ வயலுக்குத் தண்ணி பாய்ச்சவோ வரவேண்டியிருந்தாலும் மருதமரத்து முக்கிலேயே நின்று ஒரு செருமல் செருமுவார்கள். நாங்கள் மாராப்பைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் தலையைக் குனிந்தபடி தாண்டுவார்கள். குடிகாரன்கூட அதை மறந்ததில்லை. மேலே பறந்து வந்த ட்ரோன் சனியனுக்குத் தொண்டை ஏது?

எடுத்தவன் அசலூர்க்காரனும் இல்லை. பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற ஜெய்சன்தான். என் கொழுந்தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்து, என் கையால் மூன்று நாள் சாப்பிட்டவன். ‘பருந்துப் பார்வை’ என்று நெட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறான், வீடியோ மூலையிலேயே அந்தப் பெயர் இருந்தது. அங்கே போய் அடியில் எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். படித்திருக்கக் கூடாது. நெருப்புப் படம் போட்டிருந்தான் ஒருவன், நாக்கைத் தொங்கப்போட்ட பொம்மை போட்டிருந்தான் இன்னொருவன். எந்த ஊர்க்காரனோ ஒரு நாய், எத்தனை மணிக்குப் போனால் பார்க்கலாம் என்று கேட்டிருந்தான். அதற்கு ஜெய்சன், பாலத்துக்கு மேற்கே, மருதமரத்தடி, காலை ஆறிலிருந்து ஏழு என்று பதில் எழுதி, ஒரு சிவப்பு இதயமும் வைத்திருந்தான். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா? தட்டில் இருந்த தூள் எல்லாம் தரையில் கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

புகார் செய்ய அதிலேயே ஒரு இடம் இருக்கிறது. அமுக்கினால் காரணம் கேட்கிறது. வன்முறையா, மோசடியா, பிடிக்கவில்லையா. நான் குளிப்பதை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டான் என்பதற்கு அந்த வரிசையில் இடமில்லை. கிட்டத்தில் இருந்த எதையோ அமுக்கினேன். சாயங்காலம் பதில் வந்தது, இதில் விதிமீறல் எதுவும் இல்லையாம்.

ரைஸ்மில்லிலிருந்து வந்த என் மனுஷனிடம், அந்த ஊதாப் பாவாடை யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன். உடனே போனை எடுத்து, இரண்டு விரலால் படத்தை அகட்டி அகட்டிப் பார்த்தார். கட்டின பெண்டாட்டியின் முதுகுதான். ஆனால் அந்த நிமிஷம் அவர் பார்த்த பார்வை கட்டினவன் பார்வையாக எனக்குத் தெரியவில்லை. குரூப்பில் போட்டதை அழிக்கச் சொன்னேன்.

“மூஞ்சி தெரியலலா? பொறவு என்ன? இப்பம் அழிச்சா, ஏன் அழிச்சேன்னு நாப்பது பேரு கேப்பானுவ. பேசாம கெட.”

சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்க என் கை கூசியது.

மறுநாள் நானே ஸ்டுடியோவுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான், டீ சொல்லட்டுமா என்றான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அந்த மரியாதைதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. எடுத்துவிடு என்றேன். ஆறு பொது இடம்தானே, யாரும் பட்டா போட்டு வைத்திருக்கிறார்களா என்று சிரித்தான். இவ்வளவு பேர் பார்த்த வீடியோ அவனுக்கு இதுவரை அமைந்ததே இல்லையாம், ஊருக்கே பெருமையாம். ஊர்ப் பெருமைக்கு ஏன் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தவில்லை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவனே குரலைத் தணித்துச் சொன்னான்.

“யக்கா, ஒங்கள மட்டும் மறைச்சிருதேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

நான் “சரி தம்பி” என்றேன்.

அந்தச் சரியை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் என் முதுகு ஒன்றுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மற்ற ஆறு பேரும் என் நினைப்பிலேயே இல்லை.

ராத்திரிக்குள் மறைத்துவிட்டான். எப்படித் தெரியுமா? என் மேல் ஒரு தாமரைப் பூவை ஒட்டியிருந்தான். நான் குனிந்தால் பூவும் குனிந்தது, நிமிர்ந்தால் கூடவே நிமிர்ந்தது. இப்போது யார் பார்த்தாலும் கண் முதலில் அந்தப் பூவுக்குத்தான் போகும். பூவுக்குள்ளே யாரு ப்ரோ என்று முப்பது பேர் கேட்டிருந்தார்கள். மற்ற ஆறு பேரையும் ஊருக்கு அடையாளம் தெரியும். ஏழாவது ஆள் யார், போய் அழுதவள் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அதுதான் மறைச்சிட்டாம்லா என்று என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாளாக நான் ஆற்றுக்குப் போகவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். சுடலைவடிவு மதினி மட்டும் தண்ணியில் இருந்தாள். நாற்று நடுகைக்குப் போகிறவள், ஐம்பது வயசு, புருஷன் இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன். வீடியோவில் மல்லாக்க மிதந்தது அவள்தான். முகம், கழுத்து, எல்லாம் வானத்தைப் பார்த்தபடி, சிரித்துக்கொண்டு. படியில் உட்காரவைத்துக் காட்டினேன். முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

“ஏட்டி, நானா இது? என்னமா மெதக்குதேன் பாரேன்.”

இன்னொரு தடவை போடச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. உன்னை எங்கே காணோம் என்று கேட்டாள். பூவைக் காட்டினேன். உன் மேல் மட்டும் எதற்குப் பூ என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சரியையும் சேர்த்து. அவள் முகம் பைய மாறியது.

“அப்பம் எங்க ஆறு பேருக்கும் ஒடம்பு இல்லியோ?”

எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றேன். அவளுக்கு அந்தக் கணக்குப் பிடிபட்டதா தெரியவில்லை. எழுந்து தண்ணிக்குள் இறங்கி மூன்று முங்கு முங்கினாள். மாற்றுச்சேலையைத் தொடவில்லை. பாவாடை மேலேயே அலசி வைத்திருந்த ஈரச்சேலையைச் சுற்றிக்கொண்டு மேடேறினாள். நானும் கட்டின சேலையோடு முங்கி எழுந்து பின்னாலேயே நடந்தேன். ஈரத்தோடு வீட்டுக்குப் போவது எங்களுக்குப் புதுசில்லை. ஆனால் தெருமுக்கில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவள் பஜாருக்குத் திரும்பினாள்.

டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் போன். சொட்டச் சொட்ட இரண்டு பொம்பளைகள் நடுரோட்டில் வருவதைப் பார்த்ததும் ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்த எங்களைப் பார்க்க எங்கள் பஜாரில் ஒரு கண் இல்லை. தூ.

ஜெய்சன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தான். மதினி கேட்காமலே உள்ளே போய், வெள்ளை டைல்ஸ் தரையில் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். வாங்கக்கா என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தித் தரையைப் பார்த்தான்.

“ஏலே, நிமிந்து பாரு” என்றாள் மதினி.

அவன் நிமிரவில்லை. எங்கள் சேலைகளிலிருந்து வடிந்த ஆற்றுத்தண்ணி ஒன்றாகச் சேர்ந்து அவன் பக்கம் ஓடியது. செருப்பைத் தொட்டதும் ஒரு எட்டு பின்னால் வைத்தான். தண்ணியும் கூடவே போனது.