சந்தனம் வைத்த ஃபிளாப்பி

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் டைம் கீப்பராக இருந்த காசிராஜன், வாரா வாரம் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகையில், கல்யாண விளம்பரத்துக்கும் ‘காணவில்லை’ அறிவிப்புக்கும் நடுவே கையகல இடம். முதலாளி வீட்டில் படித்துக் கழித்த இங்கிலீஷ் பத்திரிகைகள் ஆபீசுக்கு வரும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தி பொறுக்குவார். எல்லாம் இரண்டு மாதப் பழசு. தொண்ணூற்றிரண்டில் நம்மூருக்கு அது சுடச்சுடச் செய்திதான்.

செய்தியோடு நிறுத்தினால் அவர் காசிராஜன் இல்லையே. மடியில் வைத்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம் என்று எழுதிவிட்டு, “மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இதைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது?” என்று முடிப்பார். அடித்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தால், “ஒரே உறையில் இரண்டு கத்தி, பார்ப்போம்” என்பார்.

நாற்பத்தேழு வயது. மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தன் கல்யாணத்தை நினைத்தபோது, அதைப் பற்றிப் பேச வீட்டில் ஆளில்லை. ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. மில்லில் ஒருவர்கூட அந்தப் பத்தியைப் படித்ததாகச் சொன்னதில்லை. தவசிமுத்து மேஸ்திரி ஒருநாள் அதில் வடை மடித்துக்கொண்டு வந்தார். மில்லில் அதற்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஒரே ஒருத்தி படித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் செல்லக்கனி. புருஷனை இழந்தவள். வாரம் ஒரு கார்டு போடுவாள், நாலே வரி. “கத்தியும் உறையும் படித்துச் சிரித்தேன். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.” செவ்வாய்க்கிழமை தபால்காரர் வரும் நேரத்துக்குக் காசிராஜனுக்கு மில் வாசலில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். அந்த நாலு வரியை வைத்துத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார். முகம் பார்த்ததில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம்தான், போகத்தான் தைரியம் வரவில்லை.

ஆயுத பூஜை முடிந்து வந்த கார்டில் சிரிப்பு இல்லை. “கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். மூன்று நாளாக ஓடவில்லை. நீங்கள் வந்து பார்த்தால் சரியாகிவிடும்” என்று எழுதியிருந்தாள்.

கம்ப்யூட்டரை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். அதைச் சொன்னால் கார்டு நின்றுவிடும். போகாவிட்டாலும் நின்றுவிடும். வருவதாக ஒரு கார்டு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

நீளமான அறை. எட்டு மேஜைகளில் ஆறு காலி. மூலையில் மாலை போட்ட கம்ப்யூட்டர். ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

“ஏட்டி, நாற்காலிய இழுத்துப் போடு, அவிய வந்துட்டாவ” என்றாள் செல்லக்கனி. “பூசை வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு சார். பொறவு என்னமோ தெரியல.”

இரண்டு ஃபிளாப்பிகளை நீட்டினாள். இதைச் செருகினால்தான் மிஷினுக்கு உயிர் வரும் என்று மதுரையில் விற்றவர் சொல்லிக் கொடுத்தாராம். கறுப்பு உறையில் திறப்பு விட்டிருந்த இடத்தில், உள்ளே தகடு தெரியும் இடத்திலேயே, சந்தனமும் குங்குமமும் அழகாக வைத்திருந்தாள். டைப்ரைட்டருக்கு வருஷா வருஷம் வைத்துப் பழகிய கை. உயிர் இருக்கும் இடத்துக்குத்தானே பொட்டு?

அந்த இடத்தில் விரல்கூடப் படக்கூடாது என்று காசிராஜன் எப்போதோ படித்திருந்தார்.

“சந்தனம் பட்டுட்டு. இது இனி ஆகாதும்மா.”

“அதுக்கென்ன சார்? உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல போடுறது இருக்கும்லா, அதுல ஒண்ணு தாங்க.”

அடுத்த வாரம் கொண்டு வாரேன் என்று ஒரு பொய் வாய் வரை வந்தது. அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

“எங்கிட்ட கம்ப்யூட்டர் கிடையாதும்மா. தொட்டதுகூட இல்ல. இன்னைக்குத்தான் நேர்ல பாக்கேன்.”

செல்லக்கனி சிரித்தாள். பத்தியில் வரும் கேலி என்று நினைத்துவிட்டாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

“டைப்ரைட்டர் வச்சிருந்தா இப்பவே வித்துருங்க, நாளைக்கு எடைக்குத்தான் போடணும்னு எழுதுனியளே சார்” என்றாள் செல்லக்கனி மெதுவாக. “அத நம்பித்தான ஆறு மிஷின வித்தேன்.”

காசிராஜனுக்கு அதை எழுதிய நாள் ஞாபகம் வந்தது. இந்த வாரம் இவள் நன்றாகச் சிரிப்பாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தார். வேறொன்றும் நினைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“தெரியாதத எதுக்கு சார் எழுதுனிய?”

“உங்க கார்டு வரும்லா. அதுக்குத்தான்.”

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணிடம் மனசைத் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்ல வாய்த்த நேரம்தான் அப்படி.

செல்லக்கனி ஃபிளாப்பிகளை வாங்கி, சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தாள். அது இன்னும் ஈஷிக்கொண்டது.

“நீங்க எழுதுங்க சார். நல்லாத்தான் எழுதுறிய, ஊரே படிக்கட்டும்” என்றாள் நிமிராமல். “நான் இனிமே படிக்கமாட்டேன், அம்புட்டுத்தான்.”

ஊர் எங்கே படித்தது? மூன்று வருஷமாக அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.